மண்ணுக்கு உறை குத்துகிறவள்

எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே நறுக்கி, பாதியை வாயில் வைத்து உறிஞ்சுவாள் அமீனா பீ. கண் சுருங்காது, தாடை கூசாது. பார்த்துக்கொண்டு நிற்கிற நமக்குத்தான் நாக்கின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஊறும். சாறு உள்ளே போகும். கொட்டைகள் ஒவ்வொன்றாக உதட்டுக்கு வரும். நாக்கு நுனியால் புரட்டிப் பார்த்து, நல்லதை இடது உள்ளங்கையில் துப்புவாள்; சப்பையைத் தரையில் துப்புவாள். ஒரு காலைப் பொழுதில் பதினைந்து இருபது பழம் இப்படித் தீரும்.

"கண்ணால பாத்தா எல்லா கொட்டையும் ஒண்ணுதான் அண்ணாத்தே. நாக்குக்குத்தான் தெரியும், எதுல உசுரு கீது, எது காலின்னு" என்பாள்.

நோன்பு மாதத்தில் மட்டும் இந்த வேலை நின்றுவிடும். "அந்த மாசம் கன்னுங்களுக்கும் லீவு" என்பார் அவள் புருஷர் அப்துல் வஹீத்.

எலுமிச்சங்கன்று வளர்த்து விற்பது அவள் தொழில். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். குள்ளம். விரல்கள் மட்டும் ஆண்பிள்ளை விரல்கள். எலுமிச்சை முள் கீறிக் கீறி, அவற்றின் மேல் தோல் பழைய தோல்பை மாதிரி ஆகிவிட்டது. வெளியே கிளம்பினால் வெள்ளைத் துப்பட்டி தலையைச் சுற்றி இருக்கும்; பாத்திக்குள் இறங்கினால் அது வேலியில் தொங்கும். வெற்றிலை போடுவாள். கணக்குக் கேட்டால் விரலை மடக்காமல் சொல்வாள். யாருக்கும் "நல்லா வளரும்" என்று சொல்லிக் கன்று கொடுக்கமாட்டாள். "வளந்தா வளரும். நீ பண்றதுல கீது" என்பதுதான் அவள் வியாபாரப் பேச்சு.

அவளை எனக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். நான் நொச்சிக்குப்பத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். அதில் ஒரு வருஷம் மழை. இருபது வயதில் கால்வாய்ச் சேற்றில் கிளிஞ்சல் அள்ளிச் சுமந்தேன். நாற்பது வயதில் கால்வாய்க் கரையிலேயே சொந்தமாகச் சுண்ணாம்புக் காளவாய் போட்டேன். இன்று மாம்பலத்தில் எழும்புகிற புது வீடுகளில் எந்தச் சுவரைத் தட்டினாலும் அது என் பெயரைத்தான் சொல்லும். மாசிலாமணி சுண்ணாம்பு என்றால் மேஸ்திரிகள் விரலில் தொட்டுப் பார்ப்பதுகூட இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். உண்மை என்பதால் சொல்லலாம்.

என் காளவாய்க்கு அடுத்தாற்போல் ஒரு வக்கீலின் தோட்டம். அதன் கோடியில் ஒரு மூலையைக் குத்தகைக்கு எடுத்துக் கன்று போட்டிருந்தாள் அமீனா பீ. முதல் தடவை காளவாயைக் கொளுத்திய அன்றே வேலியைத் தாண்டி வந்துவிட்டாள்.

"இன்னா மனுசன்யா நீ? என் கன்னுங்க இன்னா கொசுவா, பொகை போட்டு வெரட்ட?"

என்னிடம் அப்போது பன்னிரண்டு ஆட்கள் வேலை செய்தார்கள். அத்தனை பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டார்கள். மறு வாரமே காளவாயின் வாயைக் கடல் பக்கம் திருப்பிக் கட்டினேன். இந்தப் பட்டணத்தில் ஒரு பெண்பிள்ளையின் சொல்லுக்காகக் காளவாயைத் திருப்பிய ஆள் நான் ஒருவன்தான் இருப்பேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு அண்ணாத்தே.

அப்துல் வஹீத் ஒரு காலத்தில் மயிலாப்பூர் வக்கீல்களுக்குக் கோட்டுத் தைத்தவர். கண்ணில் பூ விழுந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. மனைவி வேலை செய்கிற இடத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் பேசிக்கொண்டிருப்பார். யாராவது சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தால் துணியை விரலால் தடவி, தையல்காரனுக்கு ஒரு திட்டு வைப்பார்.

அந்தத் தோட்டத்து மூலையில் ஒரு கிழட்டு எலுமிச்சை மரம் இருந்தது. இரண்டு ஆள் உயரம். அதற்கு "பேகம் சாஹிபா" என்று பெயர் வைத்திருந்தாள். அதன் அடியில் செருப்போடு போகக்கூடாது, சருகைப் பெருக்கக்கூடாது. "எனக்கு ரெண்டு பேகம், மாசிலாமணி பாய்" என்பார் வஹீத். "ஒண்ணு எந்நேரமும் முள்ளால குத்திகினே இருக்கும். இன்னொண்ணு மரம்."

கன்று வாங்குகிறவர்கள் அவளிடம் படுகிற பாடு தனி. வேரைச் சுற்றியுள்ள மண்ணைக் கட்டியாக, வாழைச்சருகு வைத்துக் கட்டித்தான் தருவாள். அதை உதறக்கூடாது, தட்டக்கூடாது, கழுவக்கூடாது. ஒரு தடவை ஒரு குமாஸ்தா, பஸ்ஸில் கொண்டுபோகக் கனமாக இருக்கிறதென்று வாசலிலேயே மண்ணைத் தட்டிவிட்டார். அமீனா பீ கன்றை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"சீரெல்லாம் தெருவுல கொட்டிட்டு பொண்ணை மட்டும் கூட்டிகினு போறவனை எங்கியாச்சும் பாத்துகீறியா சாமி? போ, போ. உனக்கு கன்னு கெடையாது."

"காசு கொடுத்திருக்கேனே அம்மா!"

"அத்த எடுத்துகினு போ."

புதுப் பாத்தி போடும்போது அவள் செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பேகம் சாஹிபாவின் நிழலில் குந்தி, மேல் சருகை விலக்கி, நாலு விரல் ஆழத்தில் மண்ணைக் கிளறுவாள். கறுப்பு மண். உளுத்த சருகும் மெல்லிய வேர்களுமாக இருக்கும். அவற்றின் ஊடே தையல் நூலைப் பிரித்துப் போட்டதுபோல் வெள்ளை வெள்ளையாக இழைகள் ஓடும். அதில் ஒரு பிடி எடுத்து, பிஸ்மி சொல்லி, ஒவ்வொரு குழியிலும் வைத்துவிட்டுத்தான் விதை போடுவாள். அதற்கு அவள் வைத்த பெயர் உறை.

"பாலு தானா தயிராவுமா? உறை குத்தணும். மண்ணும் அப்டித்தான். பளய மண்ணு ஒரு புடி வுளுந்தாத்தான் புது மண்ணு எந்திரிக்கும்."

பெண்களின் நம்பிக்கை என்று கேட்டுக்கொள்வேன். நான் நெருப்பை நம்பி முன்னுக்கு வந்தவன். காளவாயில் வேகாத எதையும் சுத்தம் என்று நான் ஒப்புக்கொண்டதில்லை. இந்தக் கொள்கையால் எனக்கு ஒரு நாளும் நஷ்டம் வந்ததில்லை, போன வருஷம் வரையில்.

போன பங்குனியில் வக்கீல் தோட்டம் கைமாறியது. வாங்கியவர் வீடு கட்டப்போகிறார், மரங்கள் வெட்டப்படும். (அந்த வீட்டுக்கும் சுண்ணாம்பு என்னுடையதுதான்.) மாம்பலத்தில், ஏரியைத் தூர்த்த இடத்தில், எனக்குக் காலி மனை ஒன்று இருந்தது. "எடுத்துக்கொள், பாத்தி போடு" என்றேன். இருந்த கன்றுகளை எல்லாம் மயிலாப்பூரிலேயே விற்றுவிட்டு, மரம் விழுவதற்கு முந்தின நாள் பேகம் சாஹிபாவின் அடிமண்ணை இரண்டு கோணிகளில் நிரப்பினாள் அமீனா பீ. அதே வாரம் வாணியம்பாடியிலிருந்து ஆள் வந்தது: மகள் ஜஹீதாவுக்குப் பிரசவ நேரம். புருஷனும் பெஞ்சாதியுமாக ரயிலேறினார்கள்.

"மூட்டைய நெழல்ல வை அண்ணாத்தே. ரெண்டு நாளைக்கு ஒரு தபா தண்ணி தெளி. வேற ஒண்ணும் பண்ணாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பது நாள் கழித்து வருகிறவளுக்குப் பாத்தி தயாராக இருக்கவேண்டாமா? சும்மா இருக்க என்னால் முடியாது. சும்மா இருந்திருந்தால் இன்றைக்கும் கிளிஞ்சல்தான் அள்ளிக்கொண்டிருப்பேன். மனையில் மண்ணைக் கிளறினால் கரையான். சரி, அவள் மூட்டையைப் பிரித்துப் பார்க்கலாம் என்று பிரித்தேன். மண் முழுக்க வெள்ளை படர்ந்திருந்தது. மழைக்காலத்தில் ஊறுகாய் ஜாடியில் பூக்கிற பூஞ்சணம் போல. தண்ணீர் தெளித்துத் தெளித்து நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அணைந்துவருகிற காளவாயின் மேல் இரும்புத் தகடுகளைப் பரப்பி, மனையின் மண்ணைத் தவணை தவணையாகக் கொண்டுவந்து இரண்டு நாள் வறுத்தேன். கடைசியாக அந்த இரண்டு மூட்டையையும் கொட்டி வறுத்தேன். கரையான் போயிற்று, புல் விதை போயிற்று, பூஞ்சணமும் போயிற்று. சலித்தால் மாவு மாதிரி விழுந்தது. நூல் பிடித்து முழ உயரத்துக்குப் பாத்தி கட்டி, நாலு பக்கமும் செங்கல் அடுக்கினேன். மாம்பலத்தில் அந்த மாதிரிப் பாத்தி கவர்னர் தோட்டத்தில்கூட இருக்காது.

அமீனா பீ வந்து பார்த்தாள். துப்பட்டியை வேலியில் போட்டுவிட்டு, பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஷோக்கா கீது அண்ணாத்தே! உறை போட்டியா?"

"போட்டேன்."

போட்டதென்னவோ நிஜம். வறுத்துப் போட்டேன் என்பதைச் சொல்லவில்லை. அப்போது அது சொல்லவேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

சித்திரைக் கடைசியில் முந்நூறு விதை ஊன்றினாள். எல்லாம் முளைத்தன, முதல் மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு இலை விட்டன. அங்கேயே நின்றுவிட்டன. ஒரு மாதம் போயிற்று, ஐந்தாவது இலை வரவில்லை. இருந்த நாலும் மஞ்சள் பூத்தன. சாணம் கரைத்து ஊற்றினாள். மீன் கழுவின தண்ணீர் நொச்சிக்குப்பத்திலிருந்து தவலை தவலையாக நானே கொண்டுவந்து கொடுத்தேன். பிண்ணாக்கு வைத்தாள். எதற்கும் அசையவில்லை. சோறு கண்ணெதிரில் இருந்தும் சாப்பிடத் தெரியாத பிள்ளைகள் மாதிரி நின்றன.

எலுமிச்சங்கன்று வாங்கி நடுகிற காலம் ஐப்பசி மழை. அந்த மழைக்குக் கன்று இல்லையென்றால் அவளுக்கு அந்த வருஷம் இல்லை. மரமும் போய், கன்றும் போனால் பிறகு தொழிலே இல்லை. அப்புறம் வாணியம்பாடிதான். ஜஹீதாவிடமிருந்து கடிதம் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். 'போதும் அம்மா, இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள், அவரும் சொல்கிறார்' என்று எழுதியிருந்தாள்.

"மாப்ள தங்கமானவன்தான்" என்றாள் அமீனா பீ. "அதுக்குன்னு அவன் வூட்டு அடுப்பாண்ட போயி நின்னுகினு, உப்பு எங்க வச்சுகீறேன்னு கேக்கணுமா நானு?"

வஹீத் அன்று வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்கு அங்க எல்லாத் தெருவும் புதுசு" என்றார். "இங்கன்னா சத்தத்தை வச்சே சொல்லுவேன், எந்தத் தெருன்னு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏரி மண் சரியில்லை என்றேன். விதை சரியில்லை என்றேன். வெயில் என்றேன். அவள் எதையும் மறுக்கவில்லை. "உறை செத்துப்போச்சு அண்ணாத்தே. மூட்டையில இருந்து செத்துப்போச்சு" என்று மட்டும் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வேறு உறைக்கு வழி தேடினாள். இருபது வருஷமாக மயிலாப்பூரில் அவள் கொடுத்த கன்றுகள் மரமாகி நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் பேகம் சாஹிபாவின் மண் இருக்கிறது. ஒரு கூடை மண் கேட்டால் யார் இல்லை என்பார்கள்? எல்லாரும் இல்லை என்றார்கள். கேட்டது பணம் அல்ல, நகை அல்ல, வீட்டு மண். வீட்டு மண்ணை வெளியார் கேட்டால் எதற்கென்று ஊருக்கே தெரியும். சூனியத்துக்கு. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில், அவள் நின்ற இடத்தில் சாணி தெளித்தார்கள். என் தென்னந்தோப்பிலிருந்து நான் ஒரு வண்டி மண் தருகிறேன் என்றேன். முறைத்தாள்.

"இட்லி மாவை ஊத்தி தயிரு உறையுமா?"

கடைசியாகப் போனது ஸ்ரீரங்கன் வீட்டுக்கு. அவர் ஒரு காலேஜில் செடிகொடி சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறவர். சின்ன வயது, பெரிய கண்ணாடி. அவர் வீட்டுக் கொல்லையில் அமீனா பீ ஒன்பது வருஷத்துக்கு முன் கொடுத்த மரம் காய்த்துத் தள்ளுகிறது. துணைக்கு நானும் போனேன். போனது வெள்ளிக்கிழமை. அவருடைய தாயார் வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"நன்னாயிருக்கே! வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆத்து மண்ணைக் கேக்கறாளே! எலுமிச்சங்கா கேளு, கூடையா தரேன். மண்ணு மட்டும் கிடையாது."

"அம்மா, அவ செடிக்குன்னா கேக்கறா" என்றார் ஸ்ரீரங்கன்.

"நீ சும்மா இருடா. உனக்குப் புஸ்தகம்தான் தெரியும்."

பிள்ளைக்கு வெட்கமாகப் போயிற்று. அமீனா பீ கூடையில் வைத்திருந்த மஞ்சள் கன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதையும், தங்கள் மரத்திலிருந்து மயிர் போன்ற வேர்த் துணுக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலேஜுக்கு வரச் சொன்னார்.

போனோம். பித்தளைக் குழாய் வைத்த பூதக்கண்ணாடி அது. ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால் பார்க்கவேண்டும். காலேஜ் பையன்களுக்கு இது பிடிபட ஒரு வாரம் ஆகுமாம். எனக்கு முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. அவர்கள் வீட்டு மரத்தின் வேரில் நீலச் சாயம் ஏற்றியிருந்தார். வேரின் தோலுக்குள், செங்கல் அடுக்கினாற்போல் கட்டம் கட்டமாக இருந்தது. அந்தக் கட்டங்களின் சந்துகளில் நீல நீலமாக நூல் ஓடியது. சில கட்டங்களுக்குள் நுழைந்து குட்டி மரம்போல் கிளை விரித்திருந்தது.

"இது காளான் ஜாதி" என்றார் ஸ்ரீரங்கன். "வேருக்குள்ள குடிவந்துடறது. மரம் இதுக்குச் சாதம் போடறது. இது வெளில மண்ணுக்குள்ள நூலை நீட்டிண்டு, வேர் போக முடியாத இடத்துக்கெல்லாம் போய் மரத்துக்கு வேணுங்கிறதைக் கொண்டுண்டு வரது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு நம்பிண்டு இருக்கு. எலுமிச்சைக்கு இது இல்லேன்னா தரித்திரம்தான். அமீனா பீ, நீங்க உறைன்னு சொல்றேளே, அது இதுதான்."

அமீனா பீ குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இதுக்கா இம்மாம் பெரிய கண்ணாடி? நாந்தான் சொல்லிகினே கீறேனே."

அடுத்து எங்கள் மஞ்சள் கன்றின் வேரை வைத்தார். அதிலும் கட்டம் கட்டமாக இருந்தது. நூல் ஒன்றுகூட இல்லை. என் சுண்ணாம்பு பூசின புது வீடு மாதிரி, சுத்தமாக, காலியாக.

"ஆச்சரியமா இருக்கு" என்றார் ஸ்ரீரங்கன். "எந்த மண்ணுலயும் கொஞ்சமாவது இருக்கும். இது துளிக்கூட இல்லையே. மண்ணைச் சூடு கீடு பண்ணினேளா?"

அமீனா பீ இல்லையென்று தலையாட்டினாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். அறுபத்திரண்டு வயதுவரை நான் யாருக்கும் தலை குனிந்ததில்லை. குனிகிற மாதிரி நடந்ததும் இல்லை. ஆனால் அந்தக் காலி வேரைக் கண்ணால் பார்த்தபிறகு என்ன செய்வது?

"வறுத்தேன்" என்றேன். "எல்லா மண்ணையும். அந்த ரெண்டு மூட்டையும் சேத்து. பூஞ்சணம் புடிச்சிகீதேன்னு."

அமீனா பீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். இந்தப் பட்டணத்தில் அவள் வாய்க்கு ஈடில்லை, வரட்டும் என்றிருந்தேன்.

"ஏன் அண்ணாத்தே," என்றாள் மெதுவாக, "உறை மோரை யாராச்சும் கொதிக்க வச்சா பாலுல ஊத்துவாங்க?"

ஸ்ரீரங்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்ததும் அவளும் சிரித்தாள். துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். இத்தனை நாளாக என் நெஞ்சில் கிடந்த கல் அங்கே இறங்கியது. அவளுக்கும் அப்படித்தான் என்று பிறகு சொன்னாள்: உறை தானாகச் செத்துப்போகாது என்று தெரிந்ததே பெரிய நிம்மதி, தன் கை ராசி போய்விட்டதோ என்று பயந்துகொண்டிருந்தாளாம்.

சிரித்து முடித்ததும் யோசித்தாள். டிராம் நிற்கிற இடம்வரை நடந்தோம். அங்கே நின்று சொன்னாள்: "அந்த ஐயரம்மா மண்ணைக் குடுக்கமாட்டாங்க. சரி. மண்ணு அங்கியே கெடக்கட்டும். கன்னுங்க அங்க போவட்டும்."

மறுநாள் காலையில் கைவண்டியில் எண்பது கன்று. ஒவ்வொன்றும், வேர் கீழே இறங்கும்படி அடியை உடைத்த மண் கலயத்தில். ஸ்ரீரங்கனின் தாயார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, நான் எதும் கேக்கல. என் கொளந்தைங்களை உங்க வூட்டுக்கு விருந்துக்கு அனுப்புறேன். மரத்தடியில ரெண்டு மாசம் இருக்கட்டும். அப்பால நானே வந்து கூட்டிகினு போயிடுறேன்."

வெள்ளிக்கிழமையானாலும் சனிக்கிழமையானாலும் வீட்டுக்கு வந்த விருந்தைத் திருப்பி அனுப்ப அந்த அம்மாளுக்கு மனம் வரவில்லை. "கொல்லை வழியா எடுத்துண்டு போ" என்றாள். மரத்தைச் சுற்றிச் சருகை விலக்கி, கலயங்களை மண்ணில் புதைத்தாள் அமீனா பீ. திரும்பி வரும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"எடுத்துகினு வர்றப்போ கலயத்தோட அவங்க மண்ணும் ஒட்டிகினு வருமே?"

"உஸ்ஸ்" என்று விரலை உதட்டில் வைத்தாள்.

அந்த இரண்டு மாதமும் நான் நாள்தவறாமல் மயிலாப்பூர் போனேன். என் காளவாயைக்கூட அப்படிப் போய்ப் பார்த்ததில்லை. முப்பதாம் நாள் ஒன்றுமில்லை. நாற்பதாம் நாள் ஒன்றுமில்லை. நாற்பத்தாறாம் நாள் நான் கொல்லைக்குள் நுழையும்போதே அந்த அம்மாள் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஓய் சுண்ணாம்புக்காரரே! ஓடி வாரும்! குழந்தைகள் முழிச்சுண்டுடுத்து!"

முட்டிபோட்டுப் பார்த்தேன். கலயத்துக்குக் கலயம் நுனியில் நெல் அளவுக்கு ஒரு பச்சை. ஐந்தாவது இலை. நான் அழுதேன் என்று அந்த அம்மாள் பிறகு ஊரெல்லாம் சொன்னாள், வியர்வை அது.

ஆவணிக் கடைசியில் அந்த எண்பதும் மாம்பலம் திரும்பின. அனுப்ப அந்த அம்மாளுக்கு மனமில்லை. "ரெண்டை விட்டுட்டுப் போயேன்" என்றாள், விட்டுவிட்டு வந்தோம். மீதி எழுபத்தெட்டையும் பாத்தியில் மஞ்சள் கன்றுகளுக்கு நடுவே பரவலாக நட்டாள் அமீனா பீ. "இதுங்கதான் இனி மத்ததுக்கு உறை" என்றாள். ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் பாத்தி பச்சை ஏறிக்கொண்டு வந்தது. ஐப்பசி முதல் மழைக்கு முழங்கால் உயரம் இல்லை, நிஜம்தான். ஒரு சாண் இருந்தது. ஆனால் கறுகறுவென்று பச்சை. மாம்பலத்துப் புது வீட்டுக்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஒருவருக்கும் அவள் நல்லா வளரும் என்று சொல்லவில்லை.

போன வாரம் ஜஹீதாவிடமிருந்து மறுபடி கடிதம். 'எப்போது வருகிறீர்கள்? அறை ஒழித்து வைத்திருக்கிறோம்.' நான் படித்து முடித்ததும் அமீனா பீ பாத்திக்குள் இறங்கினாள். முன்னும் பின்னும் நடந்து, ஒரு கன்றைத் தேர்ந்தெடுத்து, மண்ணோடு பெயர்த்து வந்து புருஷரின் மடியில் வைத்தாள். அவர் வேர்க்கட்டியை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். உதிரவில்லை.

"நல்ல தையல்" என்றார்.

"இத்த தச்சுக் குடுங்க. வாணியம்பாடிக்கு ஆள் போவுது."

"நாம?"

"நாம எதுக்கு? இது போவட்டும்."

கோணித் துண்டையும் கோணி ஊசியையும் எடுத்துக் கொடுத்தேன். கண் தெரியாத மனிதர், விளிம்பை மடித்து மடித்து, சட்டைக் கழுத்துக்குப் போடுகிற மாதிரி நெருக்கமாகத் தைத்துக்கொண்டு வந்தார். கடைசி இரண்டு விரல் அகலம் பாக்கி. அமீனா பீ அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பாத்தியிலிருந்து இன்னும் ஒரு பிடி மண்ணை அள்ளிவந்து, அந்த இடைவெளிக்குள் வைத்து, கட்டை விரலால் அழுத்தினாள்.